கழற்றச் சொன்ன மாத்திரை

மிக்ஸியை இழுத்தபோது அது கனக்கவேயில்லை. ஜாரில் தேங்காயும் பொட்டுக்கடலையும் போட்டு, பச்சை மிளகாயைக் கிள்ளி வைத்துவிட்டு, சமையல் மேடை ஓரத்தில் இருந்ததை நடுவுக்கு நகர்த்தினேன். வெறும் ஓடு மட்டும் கையோடு வந்தது. உள்ளே இருக்க வேண்டிய மோட்டாரைக் காணோம்.

கூடத்தில் என் கணவர் தரையில் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருந்தார். மோட்டார் அவர் முன்னால் இருந்தது. அதற்கு மோட்டார் என்று பெயர் சொல்ல இனி முடியாது. செம்புக் கம்பிச் சுருள் ஒரு பக்கம், கார்பன் துண்டுகள் ஒரு பக்கம், ரப்பர் கால்கள் ஒரு பக்கம். ஸ்க்ரூக்களை அளவு வாரியாகப் பிரித்துத் தயிர் டப்பா மூடிகளில் போட்டு வைத்திருந்தார்.

"என்னங்க இது?"

"சத்தம் ஜாஸ்தியா வந்துச்சுல்ல? என்னன்னு பாத்துக்கிட்டிருக்கேன்."

"சத்தம் இல்லாம மிக்ஸி எங்கங்க ஓடும்? சட்னி அரைக்கணும். இட்லி வெந்துடுச்சு."

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கம்மா."

அன்று இட்லிக்கு மிளகாய்ப்பொடி. அந்த மிக்ஸி பிறகு ஓடவே இல்லை.

இதைப் படிக்கிறவர்களுக்கு, ஆண்கள் ஓய்வு பெற்றால் இப்படித்தான் எதையாவது நோண்டுவார்கள் என்று தோன்றும். என் பக்கத்து வீட்டிலும் அப்படித்தான் தோன்றியது. அதனால் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். உர மூட்டை, பயிர்க்கடன், ரசீது, பொதுக்குழுக் கூட்டம் என்றே வாழ்க்கை போனது. அவர் கையில் பேனாவைத் தவிர வேறு கருவியை நான் பார்த்ததில்லை. நான் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். வீட்டில் பல்பு மாற்றுவதும் குக்கர் கைப்பிடியை முடுக்குவதும் என் வேலை. அவருக்குத் திருப்புளியை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதே சந்தேகம்.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. முதலில் கையெழுத்து சிறுத்தது. பிறகு சட்டைப் பொத்தான் போட நேரம் பிடித்தது. மாதா கோயிலில் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது காலை இழுத்து வைத்தார். தஞ்சாவூரில் ஒரு நரம்பியல் மருத்துவரிடம் போனோம். பார்க்கின்சன் என்றார். ஒரு மாத்திரை கொடுத்தார். சில மாதம் கழித்து அதோடு இன்னொன்றைச் சேர்த்தார்.

"ஆரம்பத்துல கொஞ்சம் வாந்தி வர்ற மாதிரி இருக்கலாம். படுத்திருந்து திடீர்னு எழுந்திரிச்சா தலை சுத்தலாம். பகல்ல தூக்கம் வரலாம், அதனால வண்டி ஓட்ட வேணாம். வேற ஒண்ணுமில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த டோக்கனுக்கு மணி அடித்தார்.

இரண்டாவது மாத்திரை நன்றாகவே வேலை செய்தது. அதை மறைக்கக் கூடாது. அவரே சவரம் செய்துகொண்டார். காபி டம்ளர் தட்டில் தடதடக்காமல் வாய்க்குப் போனது. நடையில் வேகம் வந்தது. முகத்தில் பழைய சிரிப்பும் வந்தது. வாந்தி இல்லை, தலைசுற்றல் இல்லை, பகல் தூக்கமும் இல்லை. சொல்லப்போனால் தூக்கமே குறைந்துவிட்டது. நான் மாதாவுக்கு நன்றி சொல்லி மெழுகுவர்த்தி ஏற்றினேன்.

அப்போதுதான் மேசைக் கடிகாரத்தைக் கழற்றினார். அது ஓடாமல் கிடந்த கடிகாரம். விரலில் இவ்வளவு பிடிப்பு வந்துவிட்டதே என்று எனக்குச் சந்தோஷம். அடுத்து ஓடிக்கொண்டிருந்த கடிகாரம். அதற்கடுத்து ரேடியோ, டார்ச் லைட், இஸ்திரிப் பெட்டி, டேபிள் ஃபேன், சைக்கிளின் பின்சக்கரம். எதையும் ரிப்பேர் செய்தார் என்று நினைத்துவிட வேண்டாம். கழற்றுவார், துடைப்பார், வரிசையாக வைப்பார். வரிசை பிடிக்காவிட்டால் கலைத்துவிட்டு வேறு வரிசையில் வைப்பார். திருப்பி மாட்டுகிற பேச்சு மட்டும் கிடையாது. சாப்பிடக் கூப்பிட்டால் வருகிறேன் என்பார். சோறு ஆறி, ரசம் ஆறி, நான் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்த பிறகும் அதே இடத்தில் அதே ஸ்க்ரூவைத் தேய்த்துக்கொண்டிருப்பார்.

பெங்களூரில் இருக்கும் மகனிடம் போனில் சொன்னேன்.

"நல்லதுதானேம்மா. விரலுக்கு எக்சர்சைஸ். ஃபிசியோதெரபிக்குப் போனா இதைத்தான் செய்யச் சொல்வாங்க. விடும்மா, அப்பா ஹேப்பியா இருக்காருல்ல?"

அடுத்த வாரம் கூரியரில் ஒரு பெட்டி வந்தது. பிரித்துப் பார்த்தால் திருப்புளி செட். காந்த முனை வைத்தது, மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும் தலைகள், கண்ணாடிக் கடைக்காரர் வைத்திருப்பதுபோல ஊசி மாதிரி ஒன்று. மருமகள் தேடித் தேடி வாங்கினாளாம். அவர் அதைக் கையில் வாங்கியபோது இருந்த முகத்தை எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்க்கவில்லை.

பங்குச் சாமியாரிடம் சொன்னேன். "நல்ல பொழுதுபோக்குதானே டீச்சர்" என்றார். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொன்னேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏன்க்கா, குடிக்கிறாரா, சீட்டாடப் போறாரா? ஒரு மூலையில உக்காந்து ஸ்க்ரூவை எண்ணிக்கிட்டிருக்காரு. இதுக்குப் போயி அலுத்துக்கிறீங்களே. எங்க வீட்டுல வந்து ஒரு நாள் இருந்து பாருங்க."

குறை சொல்லக்கூட எனக்குத் தகுதி இல்லை என்று ஆகிவிட்டது.

மறுபடி மருத்துவரிடம் போகிற நாள் வந்தது. காலையில் பஸ் ஏறி, டோக்கன் வாங்கி, கூட்டத்தில் நசுங்கி உட்கார்ந்து, மத்தியானம் தாண்டி உள்ளே போனோம். கையை நீட்டச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், நடக்கச் சொன்னார்.

"வாந்தி?"

"இல்ல டாக்டர்."

"தலை சுத்தல்?"

"இல்ல."

"வேற ஏதாவது?"

"ஒண்ணுமில்ல டாக்டர். ரொம்ப நல்லாயிருக்கேன்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்தே விட்டார். நான் வாயைத் திறந்தேன். நரம்பு மருத்துவரிடம் மிக்ஸி கதையை எந்த இடத்தில் தொடங்குவது என்று யோசிப்பதற்குள் அடுத்த ஆள் உள்ளே வந்து நாற்காலியைப் பிடித்தாகிவிட்டது. கால் கொஞ்சம் இழுக்கிறது என்று மருத்துவர் அந்த இரண்டாவது மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதியிருந்தார்.

கூட்டியதும் வீடு இன்னும் வேகமாகக் குறைந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் புறப்பட்டுச் சேலைக்கு ஊக்கு குத்திக்கொண்டு வாசலுக்கு வந்தால், முன்கதவில் பூட்டு இருந்த இடத்தில் ஓட்டை. பூட்டு செய்தித்தாளில் இருந்தது. கதவைக் கயிறு போட்டுக் கட்டிவிட்டுப் போக முடியுமா? அவரைப் பூசைக்கு அனுப்பிவிட்டு நான் வீட்டுக்குக் காவலாக உட்கார்ந்தேன். இன்னொரு நாள் ஸ்டூல் மேல் ஏறிச் சீலிங் ஃபேனில் கை வைத்துக்கொண்டிருந்தார். தரையிலேயே தடுமாறுகிற மனிதர். நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

"எறங்குங்க! விழுந்து இடுப்பு ஒடிஞ்சா யாருங்க பாக்கறது?"

"நீ கத்தறதுலதான் விழப்போறேன்."

"அதுல என்ன இருக்குன்னு இப்படி உயிரை விடறீங்க? ஃபேன் நல்லா ஓடிக்கிட்டுத்தானே இருந்துச்சு?"

அவர் இறங்கினார். கோபத்தில் உதடு துடித்தது. "உனக்குச் சொன்னா புரியாது டீச்சர். உள்ள எப்படி இருக்குன்னு பாக்கணும். பாக்காட்டி இருப்பு கொள்ள மாட்டேங்குது."

"சரி, பாத்தாச்சுல்ல? திருப்பி மாட்டுங்களேன்."

"மாட்டலாம். முதல்ல இதையெல்லாம் சுத்தம் பண்ணிடறேன்."

என்மேல் கோபம் வந்தால்தான் அவர் என்னை டீச்சர் என்பார். அந்த மாதங்களில் எனக்கு அது தவிர வேறு பெயரே இல்லை.

எங்கள் நிலத்தை அவருடைய தம்பிதான் பயிர் செய்கிறார். அந்த வருஷம் சம்பாவுக்கு நாற்றங்கால் விட்டிருந்தார். வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார்கள். எங்கள் முறை முடிந்து போயிருந்தது. வெயிலோ ஆனி வெயில் மாதிரி அடித்தது. நாற்று நுனி சுருளத் தொடங்கியதால் போர்வெல் மோட்டாரை நம்பித்தான் இருந்தது. மும்முனை மின்சாரம் எப்போது வருமோ, அப்போது ஓட்டிக்கொள்ள வேண்டும்.

காலையில் அவர், "கொஞ்சம் நடந்துட்டு வரேன்" என்று கிளம்பினார். தோளில் பை இருந்ததை நான் கவனித்தேன். குடையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கொழுந்தனார் போன் செய்தார்.

"அண்ணி, உடனே மோட்டார் கொட்டகைக்கு வாங்க. கேள்வி கேக்காதீங்க, வாங்க."

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வரப்பு வரைக்கும் போய், அங்கிருந்து ஓட்டமும் நடையுமாகப் போனேன். கொட்டகைக்குள் அவர் தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். சுவரில் ஸ்டார்ட்டர் பெட்டி வாயைப் பிளந்து காலியாகத் தொங்கியது. உள்ளே இருந்த சுருளும் தகடுகளும் ஸ்ப்ரிங்குகளும் துண்டில் அணிவகுத்திருந்தன. கொழுந்தனார் வாசலில் நின்றார். அவர் கையில் மூன்று ஃபியூஸ் கட்டைகள்.

"ஃபியூஸைக்கூடப் புடுங்கல அண்ணி. மெயின் ஆன்லயே இருக்கு. நான் வந்துதான் புடுங்கினேன். கரண்டு வர்ற நேரம் இது."

அவர் சொல்லி வாய் மூடுவதற்குள் பக்கத்து வயல் கொட்டகையில் மோட்டார் உறுமியது. மின்சாரம் வந்துவிட்டது. பக்கத்து வயல் தொட்டியில் தண்ணீர் கொட்டுகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. நாங்கள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

என் கணவர் தலையைத் தூக்கவில்லை. ஒரு ஸ்ப்ரிங்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார்.

"இதோட ஜோடி ஒண்ணு இங்கதான் இருந்துச்சு. நீ மிதிச்சுட்டியா பாரு" என்றார் தம்பியிடம்.

கொழுந்தனார் வாசற்படியில் அப்படியே உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர்.

பக்கத்து வயல்காரரின் மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்து நாற்றங்காலுக்குத் தண்ணீர் விட்டோம். பாதி நாற்று பிழைத்தது. மீதிக்கு விதை தெளித்தார்கள். எலக்ட்ரீஷியன் வந்து பார்த்து, பழைய பெட்டி ஆகாது, புதுசுதான் போட வேண்டும் என்றார்.

மருத்துவர் கொடுத்த தேதிக்கு இன்னும் நாள் இருந்தது. நான் காத்திருக்கவில்லை. மறுநாளே அவரை இழுத்துக்கொண்டு தஞ்சாவூர் போனேன். டோக்கன் கொடுக்கிற பெண், "இன்னைக்கு உங்க டேட் இல்லையேம்மா" என்றாள். "இன்னைக்குத்தான் என் டேட்" என்றேன். கடைசியில் உள்ளே விட்டார்கள். மருத்துவர் கையை நீட்டச் சொல்லுமுன் நான் பேசத் தொடங்கினேன். கடிகாரம், மிக்ஸி, பூட்டு, ஃபேன், ஸ்டார்ட்டர் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். செல்போனில் எடுத்து வைத்திருந்த படங்களைக் காட்டினேன். பக்கத்தில் என் கணவர், மாமியார் வீட்டில் குறை சொல்லப்படுகிற மாப்பிள்ளைபோல வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"இதை ஏம்மா முன்னாடியே சொல்லல?"

எனக்கு வந்த ஆத்திரத்தை இன்னும் என்னால் விவரிக்க முடியாது. "நீங்க கேக்கவே இல்லையே டாக்டர்!"

"வேற ஏதாவது இருக்கான்னு கேட்டேனே?"

"டேபிள் ஃபேனைக் கழட்டறதெல்லாம் அந்த 'வேற'ல வரும்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். இது அந்த இரண்டாவது மாத்திரையால் வருவதுதான் என்று விளக்கினார். மூளையில் டோபமின் என்று ஒன்று குறைவதால்தான் நடுக்கம். அது செய்கிற வேலையை இந்த மாத்திரை செய்கிறது. ஆனால் அதே டோபமின்தான் ஆசையையும் திருப்தியையும் தூண்டிவிடுவது. சிலருக்கு அது அளவு மீறிப் போகும். சிலர் செல்போனில் ரம்மி ஆடி ஆடி ஓய்வதில்லை. சிலர் கடையில் கண்டதை வாங்கிக் குவிப்பார்கள். சிலர் இனிப்பாகத் தின்பார்கள். சிலர் இப்படி உட்கார்ந்து கழற்றுவார்கள், அடுக்குவார்கள். செய்கிறவர்களுக்கு அது தப்பாகவே தெரியாது.

"இதை மாத்திரை எழுதும்போதே சொல்லியிருக்கலாமே?"

"எல்லாருக்கும் வராதும்மா. எல்லாத்தையும் சொன்னா பயந்துக்கிட்டு மாத்திரையே போட மாட்டாங்க. நடக்க முடியாம வந்து நிப்பாங்க."

அதில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று இன்றுவரை என்னால் முடிவுக்கு வர முடியவில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த மாத்திரையை வாங்கியிருப்பேனா? சந்தேகம்தான். ஆனால் அடுத்தவர் பயப்படுவார் என்று தானே முடிவு செய்து வாயை மூடிக்கொள்ள இவருக்கு யார் உரிமை கொடுத்தது? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் மருத்துவரோடு சண்டை போட்டேன்.

என் கணவர் அந்த அறையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "அப்ப அதெல்லாம் நான் செய்யலையா டாக்டர்?"

"இனிமே செய்ய மாட்டீங்க" என்றார் மருத்துவர்.

அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தக் கூடாதாம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்க வேண்டும். குறைத்த மாதங்கள் முந்தையதைவிட மோசம். நடுக்கம் திரும்பியது. சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார். காபி சூடில்லை என்றார். சூடாகக் கொடுத்தால் நாக்கைச் சுடவா பார்க்கிறாய் என்றார். முதலில் கொடுத்த மாத்திரையின் அளவைக் கூட்டி, அதைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் கொடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். நேரம் பார்த்துக் கொடுத்தால் அப்போதுதான் பசிக்கிறது என்று வாழைப்பழத்தை உரிப்பார். வாழ்நாளெல்லாம் மணி அடித்தால் வகுப்புக்குப் போனவள் நான். ஓய்வுக்குப் பிறகும் கடிகாரத்தோடுதான் மல்லுக்கட்டு.

மெல்ல மெல்லச் சரியானது. நடுக்கம் முழுக்கப் போகவில்லை, பிடிக்குள் வந்தது. கழற்றுகிற ஆசை எப்போது நின்றது என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு நாள் கூடத்து மூலையில் இருந்த டப்பாக்களைப் பார்த்து, "இதெல்லாம் எதுக்கு இங்க கெடக்கு?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பதா அவரை நாலு வார்த்தை கேட்பதா என்று தெரியவில்லை. கொழுந்தனார் கொட்டகைச் சாவியை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார். என் கணவர் ஒரு முறை, "சாவியை எங்க வெச்சிருக்கான்னு எனக்குச் சொல்ல மாட்டேங்கறான்" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபமாக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு சாயங்காலம் அவராகவே பேசினார். "அந்த மாசமெல்லாம் மனசுல ஒரு பாரமும் இல்ல, தெரியுமா?"

"எனக்கு இருந்துச்சு" என்றேன்.

போன முறை மருத்துவரைப் பார்க்கப் போனபோது, காத்திருக்கிற கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் மன்னார்குடிப் பக்கத்து அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். அவர் வீட்டுக்காரருக்கும் இதே நோய். அந்த அம்மா பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார்.

"இதைப் போட ஆரம்பிச்சதுலேருந்து நல்லாயிருக்காருங்க. தானே டம்ளரைப் புடிச்சுக் காபி குடிக்கிறாரு."

அட்டையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. எங்கள் வீட்டு மாத்திரையேதான். வாயை மூடிக்கொண்டிருக்கலாம். என்னால் முடியவில்லை.

"புதுசா ஏதாவது பழக்கம் வந்துச்சாங்க? கண்டதை வாங்கறது, செல்போன்ல ஓயாம விளையாடறது, எதையாவது கழட்டிப் போடறது..."

அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "ஏங்க, நல்லாயிருக்கற மனுஷனைப் பாத்து இப்படியெல்லாம் கேக்கறீங்க?" என்று சொல்லிவிட்டு, பையை எடுத்து, பக்கத்தில் இருந்த கணவரையும் அழைத்துக்கொண்டு எதிர் வரிசைக்குப் போய்விட்டார்.

என் கணவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "உனக்கு எதுக்கு டீச்சர் இந்த வேலை? அவங்கபாட்டுக்கு இருந்தாங்க."

"யாராவது சொல்ல வேணாமா?"

"அதுக்காக இப்படியா, போலீஸ் மாதிரி?"

நாங்கள் இருவரும் முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவர்களுடைய டோக்கனைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா எழுந்து, கணவரை முன்னால் நடக்க விட்டு, எங்கள் வரிசைப் பக்கமாகச் சுற்றி வந்தார். என் அருகில் வந்ததும் குனிந்து, தன் கணவருக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"செடி வாங்கறதெல்லாம் இதுல சேருமாங்க?"

"எவ்வளவு செடிங்க?"

"மொட்டை மாடியில துணி காயப்போட எடமில்லைங்க. படிக்கட்டெல்லாம் தொட்டி."

"உள்ள போனதும் அதை முதல்ல சொல்லுங்க" என்றேன். "டாக்டர் கேப்பாருன்னு காத்திருக்காதீங்க."